உப்புப் பார்க்காத பெருநாள்

ஷஅபான் 30, செவ்வாய் (ஊருக்கு 29)

அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து பள்ளிவாசல் மைக்கைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். "ஒன், டூ, த்ரீ. ஒன், டூ, த்ரீ." மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாதவர்கள்தான் இந்த ஊரில் மாதத்தை எண்ணுகிறார்கள்.

பொழுது அடைந்ததும் நகரா முரசு அடித்தார்கள். பிறை தெரிந்துவிட்டதாம். தெருவில் வெடிச் சத்தம், கூச்சல், ஓட்டம். என்னவோ இவர்களே மலைக்குப் பின்னாலிருந்து கை கொடுத்துத் தூக்கி வைத்த மாதிரி. நேற்று இரவு எட்டு மணி வாக்கில் சந்திரன் சூரியனைக் கடந்தது. இன்று அந்தியில் அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் வயது. கண் உள்ள எவனுக்கும் தெரியும். மனைவி மைமூனாவிடம் போன வாரமே சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்சா சந்தோஷப்படணும். நீங்க என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?" என்றாள்.

என் கணக்குப்படியும் நாளை நோன்பு ஒன்று, ஊர்க் கணக்குப்படியும் ஒன்று. இதனால் இவர்கள் சரியாகச் செய்தார்கள் என்று ஆகாது. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தது. இந்தத் தடவை விட்டம் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

ரமலான் 1, புதன்

விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். தயிர்ச்சோறு, வாழைப்பழம்.

ரமலான் 5, ஞாயிறு

பங்குனி வெயில். தொண்டை ஓடாய்க் காய்கிறது. என் சின்ன வயதில் ஐப்பசி மழையில் நோன்பு வைத்த ஞாபகம் இருக்கிறது; நாக்கு வறண்டதே கிடையாது. சந்திர வருடம் சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாள் போலக் குறைவு. அதனால் ரமலான் ஒவ்வொரு வருடமும் முன்னால் நகர்ந்து நகர்ந்து மழை, பனி, வெயில் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து வரும். குளிர் நாட்டுக்காரனுக்கும் வெயில் நாட்டுக்காரனுக்கும் முறை வைத்துக் கஷ்டம், முறை வைத்துச் சுகம். இவ்வளவு நியாயமான ஏற்பாட்டை எங்கள் கல்லூரி நிர்வாகத்திடம் எதிர்பார்க்க முடியாது. இயற்பியல் துறையில் இருபத்தாறு வருடம் நான் பாடம் நடத்துகிறேன். துறைத் தலைவர் நாற்காலியில் என்னிடம் படித்தவன் உட்கார்ந்திருக்கிறான். முறை என் பக்கம் நகரவே இல்லை.

பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை மைமூனா தூக்குச்சட்டியில் வாங்கி வந்தாள். எனக்கு வேண்டாம் என்றேன். பிறகு ஆறிப்போகுமே என்று குடித்தேன். வெந்தயம் அதிகம்.

ரமலான் 9, வியாழன்

இன்று கடைத்தெருவில் செய்யது மீரான் எதிரே வந்தான். நான் மருந்துக் கடைக்குள் ஏறிவிட்டேன். வாங்க ஒன்றும் இல்லாமல் இருமல் மிட்டாய் வாங்கினேன். நோன்பாளிக்கு இருமல் மிட்டாய்! கடைக்காரன் ஒரு மாதிரி பார்த்தான்.

மீரான் என்னோடு பள்ளிக்கூடம் படித்தவன். ஜமாஅத்தில் பிறைக் கமிட்டித் தலைவன். என் ஒரே மகள் ஃபஹ்மிதாவுக்கு மாமனார். அவன் மகனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்த பிறகு வந்த முதல் ரமலானில்தான் அது நடந்தது. நானும் அப்போது கமிட்டியில் இருந்தேன். நோன்பு இருபத்தொன்பது அன்று மாலை இரண்டு பேர் வந்து பிறை பார்த்ததாகச் சாட்சி சொன்னார்கள். அன்று சூரியன் அடைவதற்கு முன்பே சந்திரன் அடைந்துவிட்டது. இல்லாத ஒன்றை எப்படிப் பார்க்க முடியும்? கையில் காகிதத்தோடு எழுந்து சொன்னேன். நிறைந்த சபையில் மீரான் சொன்னான்:

"வானத்தப் பாருன்னா இவரு கால்குலேட்டரப் பாக்காரு. மார்க்கத்த சாக்பீஸால எழுத முடியாதுவே!"

சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியும். வரிசையாகச் சொல்வேன்.

மறுநாள் ஊரெல்லாம் கறி மணக்க, நான் நோன்பு வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டேன். சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் அதற்கடுத்த நாள்தான் பெருநாள் கொண்டாடின. விட்ட நோன்பைப் பிறகு ஒருநாள் வைத்துவிடும்படி பள்ளிவாசல் ஆலிம்ஷா மைக்கில் மெல்லிய குரலில் அறிவித்தார். என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னவன் எவனும் இல்லை. கமிட்டியிலிருந்து என் பெயரை எடுத்தது மட்டும் எடுத்தபடியே இருந்தது.

அன்றோடு இவர்கள் கண்ணை நம்புவதை விட்டேன். சந்திரன் சூரியனைக் கடந்து, அன்றைய சூரியனுக்குப் பின்னால் அடைந்தால் எனக்கு மாதம் பிறந்துவிட்டது. யார் கண்ணுக்குத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? பிறந்த பிறை கண்ணில் பட அநேகமாக இன்னொரு நாள் ஆகும். அதனால் நான் பெரும்பாலும் ஊருக்கு ஒருநாள் முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன்.

தனியாகத்தான். அதனால் என்ன?

ரமலான் 14, செவ்வாய்

ஃபஹ்மிதா வந்தாள். பேத்தி அஃப்ரா என் கண்ணாடியைப் பிடுங்கி ஒரு காலை வளைத்துவிட்டாள். ஒன்றரை வயதுக்கு விரல்களில் இவ்வளவு பலம் கூடாது.

விசா வந்துவிட்டதாம். லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் மருமகன் ரஃபீக் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறான். மாத முடிவில் வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரத்திலிருந்து விமானம். இரண்டு வருடம் கழித்துத்தான் வருவார்களாம்.

"வாப்பா, பெருநாள் என்னைக்கு?"

"வியாழக்கிழமை."

"உங்களுக்கா, ஊருக்கா?"

"எனக்கு வியாழன். ஊருக்கு வெள்ளி." ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன். அந்தப் புதன்கிழமை காலையில்தான் பிறை பிறக்கிறது. அந்தியில் அதற்குப் பத்து மணி நேரம்கூட வயது இருக்காது. சூரியனுக்குப் பின்னாலேயே அடைந்துவிடும். எங்கள் ஊருக்கு மேற்கே மலை வேறு. அடைகிற பிறை மலைக்குப் பின்னால் கிடக்கும். யாருக்கும் தெரியாது.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. "ஊருக்கும் வியாழனா இருந்துச்சுன்னா மத்தியானத்துலேருந்து ராத்திரி வரைக்கும் நான் இங்கதான்னு மாமாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். வெள்ளின்னா தொழுதுட்டு வந்ததுமே காரேறணும்."

"அதைச் சந்திரன்கிட்ட சொல்லு."

"நான் கல்யாணமாகி ஒரு பெருநாளாவது உங்ககூட உக்காந்து சாப்ட்டிருக்கேனா வாப்பா?"

இல்லை. என் பெருநாளில் அவள் நோன்பு. அவள் பெருநாளில் எனக்குப் பெருநாள் முடிந்திருக்கும். நான் அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. நாள் ஒத்துவந்த ஒரு வருடம் பிள்ளைக்குக் காய்ச்சல். இதற்கெல்லாம் நான் பொறுப்பா?

அவள் போன பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். முழு நிலா. அதைப் பார்க்கக் கமிட்டி தேவைப்படவில்லை.

ரமலான் 16, வியாழன்

உப்பு விஷயத்தை எழுதி வைக்க வேண்டும். என் பெருநாளன்று மைமூனா எனக்காக நெய்ச்சோறும் கறி ஆணமும் ஆக்குவாள். அவளுக்கு அன்று நோன்பு, அவள் ஊரோடுதான். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், குற்றமில்லை என்று ஆதாரத்தோடு சொல்லியிருக்கிறேன். "ஒங்க ஆதாரம் ஒங்களோட. என் நோன்பு என்னோட" என்பாள். ஒரு வருடம் கடல் தண்ணீர். ஒரு வருடம் சப்பென்று. ஒவ்வொரு வருடமும் நான் உப்பைப் பற்றிச் சொல்லத்தான் செய்கிறேன். உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் பிடிக்காது.

ரமலான் 21, செவ்வாய்

கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். மாறவில்லை.

ரமலான் 27, திங்கள்

மறுபடி. வேறு அட்டவணையை வைத்து. அதே விடை.

ரமலான் 29, புதன்

காலையில் மைமூனா கறிக்குச் சொல்லிவிட்டாள். "நாளைக்கு ஒரு கிலோ போதும்லா? நீங்க ஒரு ஆளுதான்." இதை இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

மாலையில் மாடியில் நின்றேன். நின்றதற்குக் காரணம் துணி காய்ந்ததா என்று பார்க்க. மேற்கே மலை முகட்டில் பஞ்சு பஞ்சாக மேகம், அடியில் சிவப்பு. பள்ளிவாசல் மொட்டை மாடியில் அரை ஊர் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் இல்லை என்று தெரிந்தே நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

ஷவ்வால் 1, அதே புதன், பொழுது அடைந்த பின்

(எனக்கு மாதம் மாறிவிட்டது. நம் தேதி அந்தியில் எல்லார் கண் முன்னாலும் மாறும். வெள்ளைக்காரன் தேதி மாதிரி ஊர் தூங்கும்போது மாறாது.)

நோன்பு திறந்து பேரீச்சம்பழக் கொட்டையைத் துப்புவதற்குள் ஃபஹ்மிதா போன் செய்தாள்.

"வாப்பா, பிறை பாத்தாச்சுன்னு ரெண்டு பேரு வந்திருக்காங்க. ஆலிம்ஷா வெசாரிக்கணும்னு சொல்லுதாங்களாம். மாமா ஒங்களத்தான் பாக்க வாறாங்க."

"என்னையா?"

"அந்தத் தடவை மாதிரி ஆயிரக் கூடாதுன்னு பயப்படுதாங்க. நீங்க 'இருக்கலாம்'னு ஒரு வார்த்த சொல்லிருங்க வாப்பா. ஒங்களுக்கும் நாளைக்குத்தான பெருநாள். எல்லாருக்கும் நாளைக்கே ஆயிரும். நான் வந்துருவேன்."

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் பைக். ஐந்து வருடமாக இந்த வாசலை மிதிக்காத மீரான், வேட்டியை மடித்துக் கட்டியபடி. பின்னால் சாட்சிகள் இரண்டு பேர். ஒருவன் டயர்க் கடை சாகுல். நல்ல மனுஷன்தான். பொய் சொல்கிற ஆள் இல்லை, அதுதான் தொல்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசையில் பார்த்துவிடுகிற ஆள்.

"என்னவே புரொபசர், உள்ள வரலாமா? இல்ல, அதுக்கும் கணக்குப் பாக்கணுமா?"

"செருப்பை வெளியே விட்டுட்டு வா."

மைமூனா மூன்று பேருக்கும் சர்பத் கொண்டு வந்து வைத்தாள். நான் சாகுலிடம் கேட்டேன், எங்கே பார்த்தாய் என்று.

"பள்ளிவாசல் மாடியிலேருந்து காக்கா. மலை மொகட்டுக்கு மேல, ரெண்டு வெரக்கட இருக்கும். மெல்லிசா, நூலு மாதிரி."

"எப்போ?"

"பாங்கு சொல்லி, நோன்பு தொறந்து, வாயில தண்ணி ஊத்துன பொறவு."

"அந்த நேரத்துல அது மலைக்குப் பின்னாடி கிடக்கும் சாகுல். முகட்டுக்கு மேல வர வழியே கிடையாது. நீ பார்த்தது மேகத்தோட ஓரம். கீழே இருந்து வெளிச்சம் பட்டிருக்கும்."

சாகுல் மற்றவனைப் பார்த்தான். மற்றவன் சர்பத்தைப் பார்த்தான். "வளைஞ்சுதான் இருந்துச்சு..." என்றான், பாதிக் குரலில்.

மீரான் அவர்களை வெளியே நிற்கச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "வே, எனக்குந் தெரியும் இது வெள்ளெழுத்துச் சாட்சின்னு. ஆனா ரெண்டு பேரு சொல்லுதான். நீரும் இருக்கலாம்னு சொல்லிட்டா ஊர்ல ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். புள்ள வெள்ளிக்கிழம போறா. அவ முழு நோன்பும் இதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தா. ஒமக்கு ஆச இல்லியா?"

என் ஆசையைப் பற்றிக் கேட்க இவன் யார்?

"தெரிய வழியில்லை," என்றேன்.

"அப்ப நாளைக்கு நோன்புங்கீரு."

"உங்களுக்கு நோன்பு. எனக்குப் பெருநாள்."

"பிறையே இல்லங்கீரு. பெருநாளுங்கீரு. இது என்னவே நியாயம்?"

"பிறை இல்லைன்னு நான் சொல்லலை. பிறந்தாச்சு. கண்ணுக்குத் தெரியாதுன்னுதான் சொல்றேன். என் வழியில் நாளைக்குப் பெருநாள். நீங்க கண்ணால பார்த்தாத்தான் ஆச்சுன்னு நிக்கிறவங்க. அப்போ பார்த்தாத்தான் ஆச்சு. பார்க்காததைப் பார்த்தோம்னு சொல்லி ஊரோட நோன்பை முறிக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மீரான் சர்பத்தைக் குடித்து முடித்தான். "ஃபஹ்மிதாகிட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்று மட்டும் கேட்டான். நான் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மைக்: "இன்று பிறை தெரிந்ததாக வந்த சாட்சியத்தை விசாரித்ததில், புரொபசர் நெய்னா முஹம்மது சாஹிப் அவர்கள் அதற்கு வாய்ப்பில்லை என்று விளக்கியிருப்பதால், நோன்பை முப்பதாகப் பூர்த்தி செய்து, வெள்ளிக்கிழமை நோன்புப் பெருநாள்..." மூன்று தடவை சொன்னார்கள். என் பெயரை மூன்று தடவை. யாரும் சிரிக்கவில்லை. ஐந்து வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். மைக்கை நிறுத்தித் தொலைத்தால் தேவலை.

நான் ஏதோ பெரிய உத்தமன் என்றும் யாரும் எண்ண வேண்டாம். இவர்களுக்குத் தோதாக ஆட எனக்கு என்ன வந்தது? அவ்வளவுதான் காரணம்.

ஃபஹ்மிதாவுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஷவ்வால் 1, வியாழன் (ஊருக்கு ரமலான் 30)

பெருநாள். ஒரு பேரீச்சம்பழம் தின்றுவிட்டு பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போனேன். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தொழுகை. என் வழிக்காரர்கள் எட்டுப் பேர். போன வருடம் பதினைந்து. இமாம் வராததால் என்னையே பெருநாள் பிரசங்கமான குத்பாவை ஓதச் சொன்னார்கள். கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்ல ஏழு பேர், சீக்கிரம் முடிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் நோன்போடு தூங்கி என் புதுச் சட்டையில் சாய்ந்தார்.

மைமூனா ஆக்கி வைத்திருந்தாள். உதடு வெடித்து, முகம் வெந்து, அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். "உப்புப் பாக்கல. கூடக் கொறைய இருந்தா திட்டாதிய."

தட்டில் கை வைத்தேன். நெய் மணம் தூக்கியது. கறி பதமாக வெந்திருந்தது. இன்று நோன்பு வைப்பது எனக்கு ஹராம். சாப்பிடாமல் இருப்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

"வயிறு சரியில்லை," என்றேன். "ஃபிரிட்ஜில் எடுத்து வை."

"ஒரு கிலோ கறி."

"எடுத்து வைன்னு சொன்னேன்ல."

சாயங்காலம் அவள் நோன்பு திறக்கும்போது கஞ்சி குடித்தேன். வெந்தயம் அளவாக இருந்தது. கமிட்டியில் சமையல்காரனை மாற்றிவிட்டார்கள் போல.

இரவு மைமூனா அடுக்களையில் நின்று யாரிடமோ போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்க வந்ததும் வைத்துவிட்டாள்.

பெருநாள், வெள்ளி

காலையில் பள்ளிவாசலிலிருந்து தக்பீர் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. ஜன்னலைச் சாத்தவில்லை, புழுக்கம்.

தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் கார். கூரை மேல் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ரஃபீக் இறங்கினான். ஃபஹ்மிதா பிள்ளையோடு இறங்கினாள். முன் இருக்கையிலிருந்து மீரான்.

"வீட்டுல இன்னும் ஒல வைக்கல," என்றான் மீரான். "இங்க நேத்துச் சோறு தொடாம இருக்காம்லா?"

மைமூனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இந்த வீட்டில் எந்தச் சங்கதியும் வீட்டுக்குள் நிற்பதில்லை.

"நேத்து வயிறு சரியில்லியாமே வாப்பா?" என்றாள் ஃபஹ்மிதா. என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினாள். போனை எடுக்காத கோபம் அவளுக்கா எனக்கா என்று எனக்கே குழம்பிவிட்டது.

சுடவைத்துப் பெரிய சஹனில் குவித்தாள் மைமூனா. ஒரே தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். விருந்தில் ஆண்கள் சஹன் வேறு, பெண்கள் சஹன் வேறு. ஆனால் வீட்டில் இருந்தது ஒரே சஹன், நேரமும் இல்லை. ஃபஹ்மிதா எனக்கு அடுத்து உட்கார்ந்தாள். அஃப்ரா என் மடியில் ஏறி, நான் பிசைந்த சோற்றில் கையை விட்டு, என் வெள்ளைச் சட்டையில் துடைத்தாள். மீரான் எலும்பில்லாத கறியாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான். எனக்கு எடுக்கத் தெரியாதா?

"சாக்பீஸுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாதுவே," என்றான், வாயில் சோற்றோடு.

"கண்ணுக்கு இவ்வளவு ஆசை ஆகாது," என்றேன்.

ரஃபீக் தலையைக் குனிந்துகொண்டான். சிரித்தானோ என்னவோ. இரண்டு தடவை மணியைப் பார்த்தான். ஃபஹ்மிதா இரண்டு தடவையும் "இருங்க" என்றாள். எழுந்து கை கழுவியபோது, நான் வைத்திருந்த துண்டிலேயே தன் கையையும் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் கணக்க இப்பவே போட்டு அனுப்புங்க வாப்பா. அதுக்குத் தக்கன லீவு கேக்கணும்" என்றாள். இரண்டு வருடம் என்றுதானே சொன்னாள்? நான் கேட்கவில்லை.

கார் தெருமுனை திரும்பும் வரை மீரான் வாசலில் என்னோடு நின்றான். அவன் விமானத்துக்குப் போகவில்லையாம். காரில் இடமில்லை என்றான். இருந்தது. நான் பார்த்தேன். "ஹஜ் மாசப் பிறைக்கு கமிட்டிக்கு வாரும்," என்றான். வர மாட்டேன் என்றேன். சரி என்று போய்விட்டான். வற்புறுத்தக்கூட இல்லை.

உள்ளே வந்தேன். மைமூனா இப்போதுதான் சஹனுக்கு முன்னால் உட்கார்ந்து மிச்சத்தை வழித்து வாயில் வைத்தாள். மென்றவள் நிறுத்தினாள்.

"அல்லாஹ்வே, இதுல உப்பே போடலியே! அஞ்சு பேரு உக்காந்து தின்னிய. ஒருத்தராவது சொல்லக் கூடாதா? நீங்களாவது சொல்லியிருக்கலாம்லா, வருசா வருசம் சொல்லுவியளே?"

சொல்லியிருக்கலாம். கவனிக்கவில்லை.